பின்னால் நிற்க ஓர் ஆள்

கேட்டைச் சாத்திட்டு வாங்க தம்பி. தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போடணும், அப்பத்தான் விழும். ஆங், அவ்வளவுதான். மாடி போர்ஷன் பார்க்கத்தானே வந்தீங்க? காலையில போன் பண்ணினது நீங்கதானே? பேங்க்ல வேலை, மாத்தலாகி வந்திருக்கேன், பேரு இளஞ்சேரன்னு சொன்னீங்க. நான் சவரிமுத்து. ரயில்வேல சிக்னல் டிபார்ட்மென்ட். ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு.

மாடி எங்கயும் ஓடிடாது, பார்க்கலாம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதவி பண்ணணும். பயப்படாதீங்க, எதையும் தூக்கச் சொல்லல. இந்த வண்டிக்குப் பின்னாடி போய் நிக்கணும். நின்னுக்கிட்டு, லைட்டு எரியுதான்னு பார்த்துச் சொல்லணும். அஞ்சே நிமிஷம். அந்தத் துவைக்கிற கல்லுப் பக்கத்துல நின்னா ரெண்டு லைட்டும் நல்லாத் தெரியும். அவ அங்கதான் நிப்பா.

அவன்னா, என் சம்சாரம் பிலோமினா. இப்ப திண்டுக்கல்ல மக வீட்டுல இருக்கா. சும்மாதான், பேத்தியைப் பார்த்துக்கப் போயிருக்கா. எட்டு மாசமா.

வண்டியா? ஹெரால்டு கார். அறுபத்தெட்டு மாடல். நீங்க பொறக்கிறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சது. மூஞ்சி வாசலைப் பார்த்து நிக்குதா? நான் எப்பவும் ரிவர்ஸ்லதான் உள்ள ஏத்துவேன். அதனால பின்பக்கம் அந்த மூலைக்குள்ள மாட்டிக்குது, ஒடுங்கித்தான் போகணும். சட்டையைப் பார்த்துக்குங்க, செவுத்துல பாசி இருக்கு. எனக்கு முட்டி வலி, நான் அங்க போறதே கிடையாது. அதாவது, போறது ரொம்பக் கம்மி.

சரி, நான் உக்காந்துட்டேன். கேக்குதா? இனி நான் ஒண்ணு சொல்லுவேன், நீங்க பார்த்துட்டு அதையே திருப்பிச் சொல்லணும். 'லெஃப்ட் போட்டிருக்கேன்'னு நான் சொன்னா, 'லெஃப்ட் எரியுது'ன்னு நீங்க சொல்லணும். 'ஆமா'ன்னு சொல்லக் கூடாது. 'ம்'னு சொல்லவே கூடாது. எங்க டிபார்ட்மென்ட் பழக்கம் அது. ஒரு சிக்னல்ல வேலை முடிஞ்சா, ஒருத்தன் ரூம்ல இருப்பான், ஒருத்தன் வெயில்ல கம்பத்துக்கிட்ட நிப்பான். ரூம்ல இருக்கிறவன் 'சிவப்பு போட்டிருக்கேன்'னு போன்ல சொல்லுவான். கம்பத்துக்கிட்ட இருக்கிறவன் அண்ணாந்து பார்த்துட்டு 'சிவப்பு எரியுது'ன்னு சொல்லணும். ரூம்ல இருக்கிற பலகை என்ன காட்டினாலும் சரி, கம்பத்துக்கிட்ட நிக்கிறவன் சொல்றதைத்தான் நோட்டுல எழுதணும். முப்பத்தாறு வருஷம் அப்படித்தான் எழுதினேன். ஒரு ஆக்சிடென்ட் கிடையாது என் செக்ஷன்ல.

லெஃப்ட் போட்டிருக்கேன்.

சத்தமாச் சொல்லுங்க. நல்லது. மஞ்சள் மட்டும்தானே கண்ணடிக்குது, கூடவே சிவப்பும் சேர்ந்து அடிக்கலையே? ஏன் கேக்கறேன்னா முன்னாடி அப்படி ஒண்ணு இருந்துச்சு. லெஃப்ட் போட்டா சிவப்பும் சேர்ந்து கண்ணடிக்குதுங்கன்னு அவ சொன்னா. அது எப்படி அடிக்கும், அது வேற ஒயரு இது வேற ஒயருன்னு நான் அவளைப் பேசாத பேச்சு இல்ல. அப்புறம் கழட்டிப் பார்த்தா, எர்த் ஸ்க்ரூ துருப்பிடிச்சுக் கிடக்கு. எர்த் சரியில்லைன்னா கரண்டு வீடு தெரியாம இன்னொரு பல்பு வழியா சுத்திக்கிட்டுப் போகும். அது ஒரு தடவை அவ சொன்னது சரியா இருந்துச்சு. அதுக்காக எப்பவும் சரியா இருக்கும்னு இல்ல பாருங்க.

ரைட் போட்டிருக்கேன். சரி.

பின்பக்கத்து ஒயர் மொத்தமும் புதுசு தம்பி. இந்த எட்டு மாசத்துல நானே இழுத்தது. பழசெல்லாம் துணி சுத்தின ஒயர், தொட்டா உதிருது. பிரேக் லைட்டுக்குப் பச்சையில ஊதாக் கோடு, அதே கலரைத் தேடிப் பிடிச்சு வாங்கினேன். பிரேக் லைட்டுக்குச் சாவி போட வேண்டியதில்ல, அதை மட்டும் நேரா பேட்டரியில இருந்து எடுத்து வச்சிருக்கேன். முன்னாடியே நான் பண்ணின ஏற்பாடு அது. வண்டி செத்துப் போய் ரோட்டுல நின்னாலும் பிரேக்கை மிதிச்சா பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும். சிக்னலுக்குத் தனி சப்ளை, அது எங்க பாடம்.

பிரேக் போட்டிருக்கேன். ரெண்டும் எரியுதா? ஒரே வெளிச்சமா? சரி.

இப்ப?

என்ன சொன்னீங்க?

எரியுதுன்னு சொன்னீங்க. சரி, இருக்கட்டும். ஒண்ணும் இல்ல தம்பி. அங்கயே நில்லுங்க.

மாடியைப் பத்தி உண்மையைச் சொல்லிடறேன். உங்களுக்குக் குடுக்கறதா இல்ல. கோவிச்சுக்காதீங்க, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க நாலாவது ஆள். முதல்ல ஒரு வாத்தியார் வந்தார். அப்புறம் மெடிக்கல் கம்பெனிக்காரர் ஒருத்தர். போன வாரம் ஒரு பொண்ணு, நர்ஸ். எல்லாரையும் அந்தக் கல்லுப் பக்கத்துல நிக்க வச்சேன். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு 'எரியுதா'ன்னு கேப்பேன், எரியுதும்பாங்க. அப்புறம் காலை எடுத்துட்டு 'இப்ப'ன்னு கேப்பேன். எரியுதும்பாங்க. பார்க்கறதே இல்ல தம்பி. கிளிப்பிள்ளை மாதிரி முன்னாடி சொன்னதையே சொல்றது. அந்த நர்ஸ் பொண்ணு 'எரிஞ்சுக்கிட்டே இருக்கு அங்கிள்'னு நீட்டி வேற சொல்லுச்சு. போய் முதல்ல கண்ணைச் செக் பண்ணிக்கோம்மான்னு இங்க உக்காந்தபடியே அனுப்பி வச்சேன்.

இப்ப உங்ககிட்டயும் காலை எடுத்துட்டுத்தான் கேட்டேன்.

இது நானாக் கண்டுபிடிச்சதில்ல. எங்க பழைய இன்ஸ்பெக்டர் ஒருத்தர், புது ஆள் வந்தா, சிவப்பைப் போட்டுக்கிட்டு 'பச்சை போட்டிருக்கேன்'னு சொல்லுவார். அண்ணாந்து பார்க்காம 'பச்சை எரியுது'ன்னு சொன்னவன் அன்னிக்கே தொலைஞ்சான். என்னையும் அப்படிச் சோதிச்சார். நான் 'இல்ல சார், சிவப்புதான் எரியுது'ன்னு சொன்னேன். அதுலேர்ந்து என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல.

கால் வலிக்குதா? அந்தக் கல்லு மேல உக்காருங்க. முழுசாச் சொல்லிடறேன். மத்த மூணு பேரை இந்தக் கதையெல்லாம் சொல்லாம அனுப்பினேன். உங்களைப் பார்த்தா சொல்லலாம்னு தோணுது.

பிலோமி மேல எனக்கு என்ன கோவம்னா, இதேதான். போன மார்ச் மாசம், தவக்காலம். அதுக்கு முன்னாடியே அவளுக்குக் கவனம் குறைஞ்சு போயிருந்துச்சு. வண்டி பேட்டரி ரெண்டு நாளைக்கு ஒருக்கா இறங்கும். ஏன்னா இவ வண்டியைத் துடைக்கிறேன்னு உள்ள போவா, உள் லைட்டை அணைக்காம வந்துடுவா. நான் தொடவே இல்லீங்கன்னு சாதிப்பா. இன்னொரு நாள் வண்டியைக் கூட்டிட்டு, கால் வைக்கிற இடத்துல கிடந்துச்சுன்னு ஒரு ரப்பர் துண்டைக் கொண்டாந்து நீட்டினா. நகம் அளவு இருக்கும், ரெண்டா உடைஞ்சிருக்கு. எதுலேர்ந்தோ விழுந்திருக்குங்க, பாருங்கன்னா. செருப்புல ஒட்டிக்கிட்டு வந்த குப்பையை எல்லாம் எங்கிட்டக் கொண்டாந்து காட்டணுமான்னேன். அப்படித்தான், ஒண்ணுமில்லாததைப் பெருசாக்குவா. பார்க்க வேண்டியதைப் பார்க்க மாட்டா.

அப்புறம் ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம், இதே நேரம். சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போகணும்னு சீலை மாத்தி நின்னா. கிளம்பறதுக்கு முன்னாடி லைட்டைப் பார்த்துடுவோம்னு சொன்னேன். வண்டி எடுக்கும்போதெல்லாம் பார்க்கறதுதான், இருபத்திரண்டு வருஷமா. அவளும் வந்து நின்னா, உங்க இடத்துல. லெஃப்ட், ரைட், எல்லாம் ஆச்சு. பிரேக் ஆச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, காலை எடுத்துட்டு 'பிரேக் போட்டிருக்கேன்'னேன்.

'பிரேக் எரியுது'ன்னா.

நல்லாப் பாருன்னேன். எரியுதுங்கன்னா. மூணாவது தடவையும் அதேதான். எனக்கு எங்கேர்ந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ. இருபத்திரண்டு வருஷமா நீ பார்த்துத்தான் சொன்னியா, இல்ல வாய்க்கு வந்ததைச் சொன்னியான்னு கேட்டேன். ரயில்வேயா இருந்தா இன்னிக்கு உன்னால நூறு பேர் செத்திருப்பாங்கன்னேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதெல்லாம் இப்ப எதுக்கு.

அவ சத்தம் போடல. 'ஒரு தடவை இறங்கி வந்து பாருங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் இறங்கி வந்து பார்க்கணும்னா நீ எதுக்கு அங்க நிக்கிறேன்னேன்.

கோயிலுக்குப் போகல. உள்ள போய் உப்புமா கிண்டினா, தட்டு வச்சா. மறுநாள் காலைப் பூசைக்குப் போறேன்னு போனவ, அப்படியே ஒரு பையோட பஸ் ஏறித் திண்டுக்கல் போயிட்டா. மக ஷீலாதான் போன்ல சொன்னா, அம்மா இங்க வந்திருக்காங்கப்பான்னு. என்னடி சொல்றா உங்கம்மான்னு கேட்டேன். 'அப்பாவுக்குப் பின்னாடி நிக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆளு சொல்றதைக் கேக்க வேண்டியதில்ல'ன்னு சொன்னாளாம். இப்படி எங்கயாச்சும் உண்டா தம்பி? கேக்காமலா 'எரியுதா எரியுதா'ன்னு கத்திக்கிட்டு இருந்தேன்?

நான் போன் பண்ணல. பொய் சொன்னது அவ. அவதான் பண்ணணும்.

தனியா இருக்கிறது ஒண்ணும் எனக்குக் கஷ்டம் இல்ல. லைன்ல வேலை பார்த்தவன், ஒத்தை ரூம்ல பதினைஞ்சு நாள் இருந்திருக்கேன். மெஸ்ல சாப்பாடு வருது. சாயங்காலமானா இங்க வந்து வண்டியில உக்காந்துக்குவேன். உள்ள உக்காந்தா வீட்டுல டிக் டிக்குனு கடிகாரம் மட்டும் கேக்குது. இங்க இண்டிகேட்டரைப் போட்டு விட்டா இதுவும் டிக் டிக்குனுதான் அடிக்குது, ஆனா இது நான் போட்டா அடிக்குது, நிறுத்தினா நிக்குது.

ஆள் இல்லாம லைட்டை எப்படிப் பார்க்கறதுன்னு வழியும் கண்டுபிடிச்சேன். அதோ செவுத்துல சாத்தியிருக்கே ஒரு குச்சி, அதைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல முட்டுக் குடுத்தா பிரேக் மிதிச்ச மாதிரி நிக்கும். மெதுவா ஒடுங்கிப் பின்னாடி போவேன். எரியும். 'பிரேக் எரியுது'ன்னு நானே சொல்லிக்குவேன். திரும்ப வந்து குச்சியை எடுப்பேன், முன்னாடி வந்து பேட்டரி டெர்மினலைக் கழட்டுவேன், வீட்டுக்குள்ள போயிடுவேன். டெர்மினலை ஏன் கழட்டறேன்னா, பேட்டரி இப்பவும் இறங்குது. அவ போனப்புறமும் இறங்குச்சு. பேட்டரிக்கு வயசாயிடுச்சுன்னு புதுசு வாங்கினேன், அதுவும் இறங்குது. இந்தக் காலத்துச் சாமான் அப்படி.

வர்ற ஞாயித்துக்கிழமை பேத்திக்குப் புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்கறா. கிறிஸ்து அரசர் திருநாள் அன்னிக்கு. ஷீலா கூப்பிட்டிருக்கா. அதுக்குத்தான் இவ்வளவு வேலையும். வண்டியை எடுத்துக்கிட்டுப் போய், பூசை முடிஞ்சதும் கதவைத் திறந்து விட்டு ஏறுன்னு சொல்லணும். நான் வேற ஒண்ணும் பேசப் போறதில்ல. ஏறினா வீடு. ஏறலைன்னா, அப்புறம் அவ எப்பவும் வரப் போறதில்லன்னு அர்த்தம். அதுக்குத்தான் லைட்டு சரியா இருக்கணும்னு பார்க்கறேன். அவ ஏறி உக்காந்து வர்ற வண்டி.

என்ன தம்பி?

இன்னுமா எரியுதுங்கறீங்க? என்ன நீங்க, நான் இவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்டப்புறமுமா? என் கால் பெடல்ல இல்ல. ரெண்டு காலையும் மடக்கிச் சீட்டு மேல வச்சிருக்கேன்.

வந்து பார்க்கணுமா?

அவளும் இதையேதான் சொன்னா.

சரி, வர்றேன். நீங்க பேங்க்காரர், உங்களுக்குக் கண்ணுக்கு நேரா காட்டினாத்தான் ஆகும். வந்து காட்டறேன், அப்புறம் நீங்க கிளம்பலாம். கொஞ்சம் தள்ளிக்குங்க. இந்த முட்டி வேற. நகருங்க.

எரியுது.

இருங்க. நான் இங்க நிக்கறேன். குச்சி செவுத்துல இருக்கு. வண்டிக்குள்ள யாரும் இல்ல. எரியுது தம்பி. ரெண்டும் எரியுது. செவுரெல்லாம் சிவப்பா இருக்கு, உங்க சட்டையில கூடத் தெரியுது.

நான் கதை சொன்ன நேரம் பூராவும் இப்படித்தான் எரிஞ்சுச்சா? ஏன் தம்பி முன்னாடியே சொல்லல? சொன்னீங்க. சரிதான், சொன்னீங்க.

அந்த டார்ச்சை எடுங்க, டேஷ்போர்டுக்குக் கீழ இருக்கு. நான் குனியறேன், நீங்க வெளிச்சம் காட்டுங்க. இந்தப் பக்கம். இதோ பெடல், இதுக்குப் பின்னாடி ஒரு பட்டன் தெரியுதா? அதுதான் பிரேக் லைட்டு சுவிட்ச். காலை எடுத்தா பெடல் திரும்பி வந்து அந்தப் பட்டனை அமுக்கணும். அமுக்கினா லைட்டு அணையும். பெடல் வந்துருச்சு. பட்டன் அமுங்கல. பெடல்ல அந்த இடத்துல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. வெறும் ஓட்டை. அதுல ஒரு ரப்பர் இருக்கணும். அது போய் முட்டினாத்தான் பட்டன் அமுங்கும்.

நகம் அளவு ரப்பர்.

கொண்டாந்து கையில குடுத்தா தம்பி. எதுலேர்ந்தோ விழுந்திருக்குங்க, பாருங்கன்னா.

உள் லைட்டு இல்ல, பேட்டரியை இறக்கினது இதுதான். எட்டு மாசமா ஒயரை ஒயரா மாத்தினேன். குச்சியை வச்சு எரியுதான்னு பார்த்தேன். குச்சியை எடுத்துட்டுப் போய் அணையுதான்னு ஒரு நாளும் பார்க்கல. டிபார்ட்மென்ட்ல ரெண்டையும் பார்த்தாத்தான் கையெழுத்தே போட முடியும். அந்த வாத்தியார் சரியாச் சொன்னார். அந்த நர்ஸ் பொண்ணு சரியாச் சொல்லுச்சு. முப்பத்தாறு வருஷம் முகம் தெரியாத எவனெவனோ கம்பத்துக்கிட்ட நின்னு சொன்னதை நம்பி நோட்டுல எழுதினேன். இவ சொன்னதை எழுதல. எனக்கு ரொம்ப அசிங்கமா இருக்கு தம்பி.

இல்ல, டெர்மினலைக் கழட்ட வேண்டாம். கொஞ்ச நேரம் எரியட்டும். என் போன் அந்தச் சீட்டுல கிடக்கு. பிலோமின்னு போட்டிருக்கும், நீங்களே போட்டுக் குடுங்க.

ஹலோ. நான்தான். இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. பிலோமி, லைட்டு எரியுது. பிரேக் லைட்டுதான். நான் மிதிக்கல, தானா எரியுது. இறங்கிப் பின்னாடி வந்து பார்த்தேன். அந்த ரப்பர் விழுந்ததுலேர்ந்து எரியுது. அன்னிக்கும் எரிஞ்சிருக்கு. ஆமா. ஆமா, நீ சொன்னதுதான். சரி, 'ஆமா'ன்னு சொல்லல. எரிஞ்சுது. அன்னிக்கு பிரேக் லைட்டு எரிஞ்சுது. நான் காலை எடுத்துட்டேன், அது எரிஞ்சுது, நீ பார்த்துத்தான் சொன்னே. எரிஞ்சுது பிலோமி. ஞாயித்துக்கிழமை நான் வண்டியை எடுத்துக்கிட்டு... சரி. சரி. ஹலோ?

வச்சிட்டா.

மூணு தடவை திருப்பிச் சொல்ல வச்சா தம்பி. 'ஆமா'ன்னா செல்லாதாம். அழுதாளா என்னன்னு தெரியல, சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு. வண்டி வேண்டாமாம். 'பஸ்ல வாங்க. வந்து என் பக்கத்துல உக்காந்து பூசை பாருங்க. மத்ததை அப்புறம் பேசலாம்'னுட்டா. எட்டு மாசம் ஒயர் இழுத்தேன், பஸ்ல வரச் சொல்றா.

மாடிச் சாவி உள்ள ஆணியில தொங்குது, நீங்களே எடுத்துப் போய்ப் பாருங்க. தண்ணி நல்லா வரும். பிடிச்சிருந்தா இருங்க. இந்த லைட்டைப் பார்க்க உங்களை இனிமே கூப்பிட மாட்டேன்.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க போன்ல பார்த்துச் சொல்லுங்க. திண்டுக்கல்ல ஏழரைப் பூசைக்குப் போய்ச் சேரணும்னா இங்கேர்ந்து எந்த பஸ்ஸைப் பிடிக்கணும்? நான் பஸ்ல போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் தெரியாது.

நாலு நாப்பது. சரி. நாலு நாப்பதுக்குத் திண்டுக்கல் பஸ்.